ஓர்லீனாவின் மாக்கல் அச்சு

ஓர்லீனா ப்ரூயிட் துப்பாக்கிக் குண்டுக்கு அச்சு குடைய ஆரம்பித்தது ஆசையால் அல்ல, ஆத்திரத்தால். அவள் புருஷன் டோல்பர்ட் நல்ல மனுஷன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் கையில் எதைக் கொடுத்தாலும் தொலைத்துவிட்டு வருவான். ஒரே வருஷத்தில் மூன்று குண்டு அச்சுகளைத் தொலைத்தான். ஒன்று ஆற்றோடு போயிற்று. ஒன்று கரடி துரத்தி ஓடிவந்த வழியில் விழுந்தது. மூன்றாவது எங்கே போனது என்று இன்றைக்கும் அவனுக்கே தெரியாது.

எங்கள் ஸ்பைஸ்வுட் பள்ளத்தாக்கில் அச்சு தொலைந்தால் துப்பாக்கியும் தொலைந்த கணக்குதான். டென்னசி மலைகளில் அப்போது எல்லாமே குழல் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் கிட்டிக்கிற நீளத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றும் ஒரு கொல்லன் கையால் செய்தது. ஒன்றின் குழல் அளவு இன்னொன்றுக்கு இருக்காது. பக்கத்து வீட்டுக் குண்டை வாங்கிப் போட்டால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் லொடலொடவென்று திரும்ப உருண்டு விழும். அந்தத் துப்பாக்கிக்கென்று குடைந்த அச்சில், அந்த வீட்டு அடுப்பில் உருக்கிய ஈயத்தை ஊற்றி எடுத்த குண்டுதான் அதற்குச் சேரும்.

மூன்றாவது அச்சும் போன அன்று ஓர்லீனா கைக்கோடாலியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஓடைக்கரைக்குப் போய் இரண்டு மாக்கல் துண்டுகளை வெட்டிக்கொண்டு வந்தாள். நகத்தால் கீறினாலே தடம் விழுகிற மெத்தென்ற கல் அது, ஆனால் நெருப்புக்கு அசையாது. இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துத் தேய்த்து, நடுவில் தலைமுடி கூட நுழையாதபடி முகம் சேர்த்தாள். கொல்லனிடம் கேட்டு, பல் வெட்டிய சின்ன எஃகு உருண்டை ஒன்றைக் காம்போடு அடித்து வாங்கினாள். எங்கள் பக்கம் அதைச் செர்ரி என்பார்கள், பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இரண்டு கல்லுக்கும் நடுவே அதை வைத்து இறுக்கித் திருகத் திருக, இந்தப் பக்கம் அரைக்குழி, அந்தப் பக்கம் அரைக்குழி. கற்கள் நழுவாமலிருக்க ஓரத்தில் ஓட்டை போட்டு ஈய முளை வைத்தாள். ஈயம் இறங்க ஒரு வாய்க்கால் கீறினாள். ஈயம் ஒட்டாமலிருக்கப் பைன் குச்சி கொளுத்தி அந்தப் புகையைக் குழிக்குள் படியவிட்டாள்.

முதலில் வந்த குண்டுகள் காய்ந்த பட்டாணி மாதிரி சுருங்கி வந்தன. கல் சூடேறிய பிறகு ஒன்று வந்தது பாருங்கள், உருண்டு திரண்டு, பளபளவென்று. அதை விரல்களுக்கு நடுவே வைத்து வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அச்சைப் புருஷன் மடியில் போட்டாள்.

"இந்தா. இதையும் தொலைச்சிட்டு வந்தே, அடுத்த அச்ச உன் மண்டையில குடைவேன்."

அதை அவன் தொலைக்கவில்லை. மான்தோல் வாரில் கட்டித் தோள்பையோடு தைத்துக்கொண்டான். அதோடு நிற்காமல் போகிற இடமெல்லாம் எடுத்துக் காட்டினான். "எம் பொஞ்சாதி குடைஞ்சது. இரும்பு அச்சு இது பக்கத்துல நிக்குமா?" என்பான். அவன் பள்ளத்தாக்கிலேயே பேர்போன வேட்டைக்காரன். ஓடுகிற அணிலைக் கண்ணில் அடிப்பவன். அவன் சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்? ஒவ்வொருவராகத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓர்லீனா வீட்டு வாசலுக்கு வந்தார்கள். உப்போ தேனோ பன்றித் தொடையோ, இருந்ததைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு கை ஈயமும் வைக்க வேண்டும், அது அவள் சட்டம்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். எந்த அச்சையும் சுட்டுப் பார்க்காமல் கொடுக்க மாட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கருகிய அடிமரம் இருந்தது. புது அச்சில் வார்த்த குண்டுகளை, அதற்குரிய துப்பாக்கியிலேயே போட்டு அந்தக் கட்டையில் சுடுவாள். எல்லாம் ஒரே இடத்தில் போய் ஒன்றன்மேல் ஒன்று குத்தினால்தான் அச்சு வெளியே போகும். ஊரில் பாதி ஆம்பிளைகளைவிட அவள் நன்றாகச் சுடுவாள் என்பது டோல்பர்ட்டுக்குத் தெரியும், அந்தக் கட்டைக்குத் தெரியும். மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ள அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவளுடைய பெருமையெல்லாம் அச்சில்தான் இருந்தது. 'ஓர்லீனா அச்சு' என்று பள்ளத்தாக்கே சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சிரிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று.

இப்படி வருஷங்கள் போயின. இருவருக்கும் தலை நரைத்தது. அப்புறம் ஒரு வசந்தத்தில் டோல்பர்ட் ஒரு வான்கோழியைத் தவறவிட்டான்.

வான்கோழி தப்புவது பெரிய விஷயமில்லை. ஆனால் மறுவாரம் மான் தப்பியது. அப்புறம் அணில். அதற்கும் அப்புறம், கிளையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த காட்டுப்புறா. டோல்பர்ட் வெறுங்கையோடு வந்து, துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"துப்பாக்கிக்கு எவனோ செய்வினை வெச்சிட்டான்" என்றான்.

அதற்கு எங்கள் பக்கம் வைத்தியம் உண்டு. குழலின் வாயை மரக்கட்டையால் அடைத்து, ஓடுகிற தண்ணீரில் ஓர் இரவு கிடத்த வேண்டும். வைத்தவனுக்கே அது திரும்பிப் போய்விடும். டோல்பர்ட் சிரத்தையாகக் கிடத்தினான். காலையில் எடுத்தபோது யாருக்கு என்ன திரும்பிப் போனதோ, துப்பாக்கியின் விசையெல்லாம் துருப்பிடித்திருந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தது ஓர்லீனா. மறுநாள் அவன் சுட்ட குண்டு மானுக்குப் பத்தடி தள்ளிப் போனது.

செய்வினை இல்லையென்றால் வேறென்ன? அவன் தோள்பையிலிருந்து அச்சை எடுத்தான்.

"ஓர்லீனா, இது தேஞ்சு போச்சுன்னு நெனைக்கிறேன். குண்டு கோணலா வருது."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் அச்சை வாங்கிப் பார்த்தாள். குழியில் ஒரு கீறல் இல்லை. இருந்தாலும் சந்தேகம் வேண்டாமென்று அதே செர்ரியைக் கொண்டு புதிதாக ஒன்று குடைந்தாள். அவனுடைய துப்பாக்கியிலேயே போட்டுக் கட்டையில் சுட்டாள். எல்லாம் ஒரே ஓட்டையில்.

"நான் சுட்டுப் பாத்தேன்யா. ஊசியா போவுது."

"கிட்டத்துல போவும். தூரத்துல அலையுது."

"தூரத்துலயும் பாத்தேன்."

"சுடுறது நானா நீயா?" என்றான் டோல்பர்ட். வாழ்க்கையில் அதுவரை அவளிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

அவள் இன்னொன்றும் குடைந்து கொடுத்தாள். அதுவும் சரியில்லை என்றான். வீட்டுக்குள் சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாவு மில்லில் சொன்னான், கொல்லன் பட்டறையில் சொன்னான், தேவாலய வாசலில் நின்றும் சொன்னான். வான்கோழி எங்கேப்பா என்று எவன் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அச்சு சரியில்லப்பா."

எந்த வாய் அவளைத் தூக்கிவிட்டதோ அதே வாய்தான் கவிழ்த்தது. முதலில் வந்தவன் பக்கத்து நிலத்து ஹோசியா ஸ்டைல்ஸ். நாக்கில் எப்போதும் ஒரு கேலி ஊறிக்கொண்டேயிருக்கும் ஆள். அவள் குடைந்த அச்சை வாசற்படியில் வைத்தான். அதைக் கொண்டு ஆறு வருஷமாக வேட்டையாடியவன்.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. டவுன்ல இரும்பு அச்சு ஒண்ணு வாங்கிட்டேன். மாமாவே உங்க அச்ச நம்பலைன்னா, நாங்க என்னத்தச் சொல்ல?"

"உனக்கு இதுல எது தப்புச்சு, சொல்லு?"

"இதுவரைக்கும் எதுவும் தப்பல. தப்பிடுமோன்னு பயந்துதான் கை நடுங்குது" என்று பல்லைக் காட்டினான்.

அவனைப் பார்த்து இன்னும் சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். புதிதாக யாரும் வரவில்லை. வெட்டி வைத்த மாக்கல் துண்டுகள் மூலையில் தூசி படிந்து கிடந்தன. ஓர்லீனாவுக்கு வயிறு எரிந்தது. உப்பும் தேனும் வராததற்காக இல்லை. அவள் பெயர் கெட்டுப்போயிற்று, கெடுத்தது அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற ஆள்.

விஷயம் அவளுக்குப் பிடிபட்டது அறுவடைக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அவள் துவைத்த கறுப்புக் கோட்டை வேலியில் காயப்போட்டிருந்தாள். வயலிலிருந்து வந்த டோல்பர்ட் வேலி அருகே நின்று தொப்பியைக் கழற்றினான்.

"வாங்க பிரசங்கியாரே, ஏன் வெளியிலயே நிக்கிறீங்க? ஓர்லீனா மோர் வெச்சிருப்பா, உள்ள வாங்க."

கோட்டு பதில் சொல்லவில்லை. டோல்பர்ட் இரண்டடி நெருங்கினான், தயங்கினான், கையை நீட்டித் தடவிப் பார்த்தான். பிறகு யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டான். சன்னலருகே நின்ற ஓர்லீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வார்த்த குண்டுகளைக் கண்ணால் பார்க்காமல் விரலால் உருட்டிப் பொறுக்குவது. பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடமாக வந்த சங்கீதத்தையே திரும்பத் திரும்பச் சொல்வது. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் அச்சின் மேல் பழி போட்டான். சுடத் தெரியாத ஆம்பிளை என்று இந்த மலையில் பெயர் வாங்குவதைவிட, கோணல் அச்சு குடைகிற பெண்டாட்டி கட்டியவன் என்ற பெயர் அவனுக்குச் சுலபமாக இருந்தது.

ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். புருஷனுக்குக் கண் போயிற்று என்று எந்த வாயால் சொல்வது? அவனாக வந்து தன்னிடம் சொல்லட்டும், சொன்னால் போதும், ஊர் எக்கேடு கெட்டும் போகட்டும் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. சோளரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு அச்சைத்தான் குறை சொன்னான். அவளும் உம்மென்று இருந்துவிட்டாள்.

இலை பழுக்கிற மாசத்தில் மாட்டிறைச்சிப் பந்தயம் வந்தது. ஒரு கொழுத்த மாட்டை நிறுத்தி வைத்து அதற்காகச் சுடுகிற பந்தயம். ஆளுக்கு ஒரு பலகை, மூன்று குண்டு. அதை நெருப்பில் கருக்கி, நடுவில் வெள்ளைத் தாள் வைத்து, கத்தியால் சிலுவைக் குறி போடுவார்கள். பெரிய பாப்ளர் மரத்தில் சாய்த்து வைத்துச் சுட வேண்டும். முதல் ஆளுக்குத் தோலும் கொழுப்பும். அடுத்த நால்வருக்கு ஆளுக்கொரு கால் பங்கு இறைச்சி. ஆறாவது வந்தவனுக்கு மாட்டில் ஒன்றும் கிடைக்காது, மரத்துக்குள் போன ஈயமெல்லாம் அவனுக்கு. கோடாலி கொண்டுபோய்க் கொத்தி எடுத்துக்கொள்ளலாம்.

டோல்பர்ட் போகாமல் இருப்பான் என்று ஓர்லீனா நினைத்தாள். அவன் விடியும்போதே துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டான். வருஷா வருஷம் தோல் வாங்கிய ஆள். இந்த வருஷம் வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா?

பந்தயத் திடலில் பெண்கள் ஒரு பக்கம் நெருப்பு மூட்டி அவரைக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர்லீனா ரொட்டிச் சட்டியோடு அவர்கள் நடுவே இருந்தாள். நடுவர் பிரசங்கியார் டீக். கோட்டு இல்லை, நிஜமான பிரசங்கியார். டோல்பர்ட்டின் முறை வந்தது. துப்பாக்கியைத் தூக்கினான், வெகுநேரம் குறி பார்த்தான், சுட்டான். பலகைக்கு ஒரு முழம் தள்ளி மரப்பட்டை தெறித்தது.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே அவன் சொன்னான். "அச்சுதான். நான் சொல்லிட்டேதானே இருக்கேன்."

ஹோசியாவுக்கு இது போதாதா? "மாமா, பேசாம அத்தையோட சோளரொட்டிய உருட்டிப் போட்டுச் சுட்டிருக்கலாம். அதோட கெட்டிக்கு நேரா போயி மாட்டையே சாச்சிருக்கும்!"

திடலே சிரித்தது. அதை ஓர்லீனா பொறுத்துக்கொள்வாள், ஹோசியா பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஆனால் டோல்பர்ட்டும் சேர்ந்து சிரித்தான். தலையை ஆட்டி ஆட்டி, தப்பித்துக்கொண்டவனின் சிரிப்பு. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சட்டியைக் கீழே வைத்தாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நேராகத் திடலுக்குள் நடந்தாள்.

"ரெண்டாவது குண்ட நான் சுடுறேன்."

சிரிப்பு நின்றது. எல்லோரும் பிரசங்கியாரைப் பார்த்தார்கள். அவர் தாடியைச் சொறிந்தார். "தன்னோட முறைய இன்னொருத்தருக்குக் குடுக்கலாம், அது வழக்கந்தான். பொம்பள சுடக்கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. சுட்டதும் இல்ல. டோல்பர்ட் குடுத்தா சரி."

டோல்பர்ட் அவள் பக்கம் குனிந்தான். "வேண்டாம் ஓர்லீனா" என்றான் மெதுவாக.

"ஏய்யா வேண்டாம்? அச்சு கோணல்னா எனக்கும் கோணலாத்தானே போவும்?"

அதற்கு அவன் என்ன சொல்ல முடியும்? துப்பாக்கியைக் கொடுத்தான்.

டோல்பர்ட்டின் மருந்துக் கொம்பிலிருந்தே வெடிமருந்து அளந்தாள். அவன் பையிலிருந்தே கைக்கு வந்த குண்டை எடுத்தாள், பொறுக்கவில்லை. கொழுப்புத் துணியில் சுற்றிக் குழல் வாயில் வைத்துக் கிட்டித்தாள். கட்டையில் சுடுவதுபோலவே நின்றாள். மனசுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் கை ஆடவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவள் அச்சு நேரானது என்று இந்தக் கூட்டம் பார்க்க வேண்டும்.

சுட்டாள். புகை விலகியபோது வெள்ளைத் தாளில் சிலுவை இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. மாட்டைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றவனுக்குக் கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஹோசியா வாயைப் பிளந்தான். கூட்டம் மூச்சை இழுத்தது. இனி ஆரவாரம்தான் பாக்கி.

அதற்குள் டோல்பர்ட் கேட்டான். "எங்க பட்டுச்சு?"

அவன் கண்கள் பலகை இருந்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தன. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். வாங்கிய கேலியையெல்லாம் வட்டியோடு திருப்பித் தருகிற ஹோசியா கூட, செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"வெயில் கூசுது" என்றார் பிரசங்கியார் டீக். "எனக்கே சரியாத் தெரியல." வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிரசங்கியாரிடமிருந்து அந்தப் பள்ளத்தாக்கு கேட்ட ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

ஆறு மாசமாக ஓர்லீனா ஏங்கியது கிடைத்துவிட்டது. கிடைத்தபின் அதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் பெயர் மீண்டுவிட்டது. அவன் அங்கே கூட்டத்தின் நடுவே, தலையைச் சாய்த்துப் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான்.

"நடுவுல" என்றாள்.

"நடுவுன்னா?"

"சிலுவை போச்சு, டோல்பர்ட்."

அவன் தலையை ஆட்டினான். அந்த மௌனம் எதற்கென்று அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும், முகம் சுண்டிப்போயிற்று. ஓர்லீனா துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு அவன் முழங்கையைத் தொட்டாள். "வா, வீட்டுக்குப் போவோம்."

"மூணாவது குண்டு இருக்கே."

"இருந்தா இருக்கட்டும்."

"என்னோட முறை" என்றான் டோல்பர்ட். "நானே சுடுறேன்."

தடுத்தால் கேட்க மாட்டான். அவன் மருந்தைக் கொட்டியதும் குண்டைக் கிட்டித்ததும் பார்க்க அழகாக இருந்தது. அந்த வேலைக்குக் கண் வேண்டியதில்லை, இத்தனை வருஷத்தில் விரல்களுக்கே பழகியிருந்தது. அவன் பின்னால் நின்று இடது வலது சொல்லலாமா என்று ஓர்லீனா ஓரடி நெருங்கினாள். "தள்ளி நில்லு" என்றான். துப்பாக்கியைத் தூக்கினான், இந்த முறை குறி பார்க்க நேரம் எடுக்கவில்லை. சுட்டான்.

பலகைக்கு வெகு மேலே, முதல் குண்டைவிட உயரத்தில், பாப்ளர் பட்டை தெறித்தது. கிளையிலிருந்த காகம் ஒன்று திட்டிக்கொண்டே பறந்தது.

ஹோசியாவுக்குப் பழக்க தோஷம். அந்த மனுஷனுக்கு உதவுவதாகவும் நினைத்திருப்பான், பாவம். "விடுங்க மாமா, அச்சு—"

"அச்சு மேல வாய வெச்சே, பல்லு இருக்காது பாத்துக்க" என்றான் டோல்பர்ட். திடல் முழுக்கக் கேட்கிற குரலில்தான் சொன்னான். "எம் பொஞ்சாதி குடைஞ்சதுல ஒரு குத்தமும் இல்ல. என்னிக்குமே இருந்ததில்ல. எனக்குத்தான் கண்ணு தெரியல. நீ நிக்கிறது தெரியுது ஹோசியா, உம் மூஞ்சி தெரியல. அது ஒரு விதத்துல நல்லதுதான்."

முதலில் சிரித்தது ஹோசியா. அப்புறம்தான் மற்றவர்கள் சிரித்தார்கள், சத்தமில்லாமல், ஜாக்கிரதையாக. பிரசங்கியார் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார். ஓர்லீனா டோல்பர்ட்டின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, அவனைப் பெண்கள் இருந்த நெருப்புப் பக்கம் அழைத்துப் போனாள். வழியில் ஒரு வேர் துருத்திக்கொண்டிருந்தது, அந்த இடத்தில் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இதச் சொல்ல உனக்கு ஆறு மாசமாய்யா?" என்றாள். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள், கோபமாக வரவில்லை. "ஊருக்கு முன்னாடி சொல்லத் தெரியுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எனக்கு அறுவடைக்கு முன்னாடியே தெரியும்."

டோல்பர்ட் நின்றான். அவள் முகம் இருக்கும் பக்கம் திரும்பினான்.

"தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நீ ஏன் கேக்கல?" என்றான். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஓர்லீனா அவன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவரைக்கொட்டை கொதிக்கிற வாசனை வந்தது. யாரோ அவர்களுக்காக மரக்கட்டை இரண்டை இழுத்துப் போட்டார்கள். அவள் அவனை உட்காரவைத்து, ஒரு தட்டை அவன் கையில் கொடுத்து, தானும் ஒட்டி உட்கார்ந்தாள்.